பிள்ளை முகாமில், பெற்றோர் இணையத்தில்

அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த பிள்ளையிடமிருந்து வீட்டுக்கு வரும் முதல் பொருள் பெரும்பாலும் ஓர் அட்டைப்பெட்டியாக இருக்கும். முகாமுக்குப் போன அன்று போட்டிருந்த சட்டை, ஜீன்ஸ், காலணி எல்லாம் அதற்குள் கிடக்கும். இறங்கிய இரவே சொந்தத் துணியைக் கழற்றி, பெட்டியில் போட்டு, வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்துவிடுவது நெடுநாளைய வழக்கம். கடற்படைத் தாய்மார்கள் இதற்கு ‘பெட்டிக்குள் பிள்ளை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இப்படி ஒன்று வரும் என்று முன்பே அனுபவப்பட்ட ஒருத்தி சொல்லி வைத்திருந்தால், வாசலில் வந்து இறங்குவது வெறும் துணிமூட்டை. சொல்ல ஆளில்லாத வீட்டில் அதே பெட்டியைப் பிரிப்பதற்குள் கை நடுங்கிவிடும். படையில் இறந்தவர்களின் உடைமைகளும் பெட்டியில்தான் வீடு வந்து சேரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

யாரோ ஒருத்தி முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். பயிற்சி முகாமில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இணையத்தில் ஒருவரையொருவர் எப்படித் தாங்குகிறார்கள், அந்தத் தாங்கல் எதுவரை செல்லும், எந்த இடத்தில் கைவிடும் என்று பார்க்கலாம்.

முதலில் இடம். சிகாகோ நகருக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் கிரேட் லேக்ஸ் கடற்படைத் தளம் 1911-இல் திறக்கப்பட்டது. கலிபோர்னியாவின் சான் டியேகோவிலும் புளோரிடாவின் ஆர்லண்டோவிலும் இருந்த பயிற்சி முகாம்கள் 1990-களில் மூடப்பட்ட பிறகு, சாதாரண மாலுமியாகச் சேரும் ஒவ்வொருவரும் இங்கேதான் வந்தாக வேண்டும். ஆண்டுக்கு முப்பதாயிரம் முதல் நாற்பதாயிரம் பேர். தங்கும் கட்டடங்களைக் ‘கப்பல்’ என்றே அழைக்கிறார்கள். அரிசோனா, பேர்ல் ஹார்பர், டிரைடன் என்று கடற்படைக் கப்பல்களின் பெயர்கள் அவற்றுக்கு உண்டு. ஒவ்வொரு கப்பலிலும் எண்ணிட்ட டிவிஷன்கள், அதாவது பயிற்சிப் பிரிவுகள். தரைப்படைக்கு அடிப்படைப் பயிற்சி மையங்கள் பல. கடற்படைக்கு ஒன்றே ஒன்று. டெக்சாஸில் இருக்கும் ஒரு தாயும் மெய்ன் மாநிலத்தில் இருக்கும் ஒரு தந்தையும் ஒரே கட்டடத்தைப் பற்றி, ஒரே கால அட்டவணையைப் பற்றி, ஒரே பட்டமளிப்பு நாளைப் பற்றிப் பேச முடிவது இதனால்தான். கடற்படைப் பெற்றோரின் இணையக் குழுக்களுக்கு இருக்கும் கட்டுக்கோப்புக்கு அவர்களுடைய நல்ல மனத்தைவிட இந்த நிலவியல் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது மௌனம். வந்து சேர்ந்த இரவில் ஓர் அழைப்பு வரும். ஒரு நிமிடம்கூட நீடிக்காது. பத்திரமாக வந்துவிட்டேன், முகவரி பிறகு வரும் என்று எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பதுபோல ஒரு குரல். பிறகு ஒன்றும் இல்லை. வாரங்கள் கழித்து ஓர் அச்சிட்ட கடிதம் வரும்: கப்பல், டிவிஷன் எண், அஞ்சல் முகவரி, பட்டமளிப்பு நாள். இதற்கிடையில் பிள்ளை உண்கிறானா, உறங்குகிறாளா என்று கேட்க வழி கிடையாது. பதினேழு வயதில் சேர்வதென்றால் பெற்றோர் கையொப்பம் கட்டாயம். அப்படிக் கையொப்பமிட்ட தாய்க்கே அதன்பின் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை அநேகமாக இல்லை. 1974-ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டம் பயிற்சி பெறுபவரைப் பற்றிய பதிவுகளை அவருடைய எழுத்துவழிச் சம்மதம் இல்லாமல் பிறருக்குத் தருவதைப் பொதுவாகத் தடுக்கிறது. சட்டத்தின் நோக்கம் நல்லதுதான். ஆனால் நேற்றுவரை காய்ச்சலுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் இன்று ‘பிறர்’ பட்டியலில் இருக்கிறாள்.

இந்த மௌனம் புதிதில்லை. மாறியிருப்பது அக்கம்பக்கம். இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ ஒரு கோடியே அறுபது லட்சம் அமெரிக்கர்கள் சீருடை அணிந்தார்கள். அன்றைய மக்கள்தொகையில் எட்டில் ஒருவர். தெருவுக்குத் தெரு, படைக்குப் பிள்ளையை அனுப்பிய வீடு இருந்தது. சன்னலில் நீல நட்சத்திரக் கொடி தொங்கினால் அந்த வீட்டுப் பிள்ளை படையில் இருக்கிறான் என்று பொருள். பொன் நட்சத்திரமானால் திரும்பி வரமாட்டான். முதல் உலகப் போரின்போது, இரண்டு மகன்களைப் போர்முனைக்கு அனுப்பியிருந்த ஓஹாயோ மாநிலத்து ராணுவ அதிகாரி ராபர்ட் குவைசர் 1917-இல் வடிவமைத்த கொடி அது. 1942 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரச் செய்தித்தாள் ஒன்று, படையிலிருப்போரின் தாய்மார்கள் நிரப்பி அனுப்பும்படி ஒரு படிவத்தை அச்சிட்டது. பிப்ரவரி முதல் நாள் டுராண்ட் ஹோட்டலில் முந்நூறு தாய்மார்கள் கூடிவிட்டார்கள். ‘புளூ ஸ்டார் மதர்ஸ்’ அமைப்பு பிறந்தது அப்படி. ஓர் ஊரில், பத்தே நாளில், முந்நூறு பேர்.

இன்று? கட்டாய ஆள்சேர்ப்பு 1973-இல் முடிந்துவிட்டது. முழுநேரப் படையில் இருப்பவர்கள் சுமார் 13 லட்சம். நாட்டின் மக்கள்தொகை 33 கோடிக்கும் மேல். நூற்றுக்கு அரைப் பேர்கூடத் தேறாது. அலுவலகத்திலோ, தேவாலயத்திலோ, பக்கத்து வீட்டிலோ இதே காத்திருப்பில் இருக்கும் இன்னொரு தாய் கிடைப்பது அரிது. அக்கம்பக்கத்தார் ஒன்று வீரத்தாய் என்று தோளைத் தட்டுவார்கள், இல்லை ஏன் அனுப்பினாய் என்று கேட்பார்கள். அவள் கேட்க நினைப்பதோ, மூன்றாவது வாரம் ஆகியும் கடிதம் வரவில்லையே, இது வழக்கமா என்று. அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் ஐம்பது மாநிலங்களில் சிதறிக் கிடக்கிறார்கள்.

நிறுவனம் இந்த இடைவெளியை நிரப்பியிருக்கலாம். ஆனால் படை நிர்வாகத்தின் கண்ணில் ‘குடும்பம்’ என்றால் நெடுங்காலமாக மனைவியும் மக்களும்தான். அட்மிரல் எல்மோ சம்வால்ட் கடற்படைத் தலைவராக இருந்தபோது, 1970 செப்டம்பரில், மனைவியரின் குறைகளை மேலதிகாரியிடம் எடுத்துச் செல்ல ‘ஆம்பட்ஸ்மன்’ என்ற பொறுப்பை உருவாக்கினார். அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான சீர்திருத்தம். தாய் தந்தையரை அது கணக்கில் எடுக்கவில்லை. ஆய்வாளர்களும் அதே தடத்தில் நடந்தார்கள். மேடி சீகல் 1986-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, படையும் குடும்பமும் ஒரே ஆளின் முழு விசுவாசத்தையும் கேட்கும் இரண்டு ‘பேராசை நிறுவனங்கள்’ என்றது. அங்கும் முதன்மையாகப் பேசப்படுவது மனைவியர் வாழ்க்கை. மணமாகாத மகனையும் மகளையும் அனுப்பிவிட்டு நிற்கும் பெற்றோர் இந்த ஆய்வுகளின் ஓரத்தில்தான் வருகிறார்கள். பதினெட்டு வயதில் சேர்பவர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் மணமாகவில்லை என்பதை நினைத்தால் இது விசித்திரமான விடுபடல்.

கோட்பாட்டில் உதவிக்கு வருபவர்கள் சிலர் உண்டு. எர்விங் காஃப்மன் 1961-இல் மனநல விடுதி, சிறை, படைமுகாம் போன்றவற்றை ‘முழுமை நிறுவனங்கள்’ என்று வகுத்தார். உள்ளே நுழைபவரின் சொந்தப் பொருள்களைப் பறிப்பதும் பழைய அடையாளத்தைக் களைவதும் அவற்றின் முதல் சடங்கு. பறிக்கப்பட்டவை வந்து சேரும் வீட்டை அவர் பார்க்கவில்லை. போலின் பாஸ் பார்த்தார். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்து, உடலால் இல்லாமலும் மனத்தில் இருந்துகொண்டேயும் இருப்பவரைப் பற்றிய துயரத்துக்கு ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயர் தந்தார். பயிற்சி முகாம் பெற்றோரைப் பற்றி எழுதுபவர்களுக்கு இந்தக் கருத்தை எடுத்து ஒட்டும் ஆசை வரும். எனக்கு அது முழுதாகப் பொருந்துவதாகப் படவில்லை. இந்தப் பெற்றோருக்குப் பிள்ளை இருக்கும் இடம் தெரியும், திரும்பும் நாளும் ஏறக்குறைய தெரியும். அவர்களை வாட்டுவது தேதிகளுக்கு இடையில் இருக்கும் வெறுமை. அட்டவணை கையில் கிடைத்துவிட்டால் பாதித் துயரம் தணிகிறது. இந்த வேறுபாடு முக்கியம். குழுக்கள் எதில் வல்லவை, எதில் இல்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

வரலாறு சுருக்கமானது. ஈராக் போருக்குப் படைகள் திரண்டுகொண்டிருந்த 2003 ஜனவரியில், மிசூரி மாநிலத்தில் டிரேசி டெல்லா வெக்கியா என்ற தாய் மரீன் படைப்பிரிவினரின் பெற்றோருக்காக ஓர் இணைய வலைப்பின்னலைத் தொடங்கினார். ஆர்வத்தில் பிறந்த அது பின்னர் பெரிய தொண்டு நிறுவனமாக வளர்ந்தது. கடற்படையில் கதை வேறு. 2008-இல் ஆள்சேர்ப்புப் பிரிவே, விளம்பர நிறுவனத்தின் துணையோடு, ‘நேவி ஃபார் மாம்ஸ்’ என்ற இணையச் சமூகத்தைத் திறந்தது. பிள்ளை படையில் சேர்வதா வேண்டாமா என்பதில் தாயின் சொல்லுக்கு எடை அதிகம் என்பதைச் சந்தை ஆய்வில் கண்டுகொண்ட பிரிவு அது. ஆறுதல் தேடி வந்த தாயின் பக்கத்திலேயே, இன்னும் முடிவெடுக்காத பிள்ளையின் தாயும் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். விளம்பரமாக அது கெட்டிக்காரத்தனம். அங்கே கிடைத்த ஆறுதல் பொய்யானது என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்காரர் யார் என்பது தெரிந்த திண்ணையில் சில பேச்சுகள் தாழ்ந்த குரலில்தான் நடக்கும். ஃபேஸ்புக் பரவிய பிறகு பெற்றோரே நடத்தும் தனிக் குழுக்கள் பெருகின. பட்டமளிப்பு நாள் வாரியாக, சில நேரம் டிவிஷன் வாரியாகவே, குழுக்கள் பிரிந்தன.

அந்தக் குழுக்களில் என்னதான் பேசுகிறார்கள்? வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவர் கண்ணீரை எதிர்பார்ப்பார். பெரும்பகுதி நடைமுறைதான். கடித உறை வெள்ளையாக இருக்கட்டும். ஸ்டிக்கர், வண்ணப் பேனா வேண்டாம், எல்லோர் முன்னிலையிலும் பயிற்சியாளர் கவனம் பிள்ளைமேல் விழும். தின்பண்டம் அனுப்பாதீர்கள். வீட்டில் நாய் செத்துப்போனதைக் கடிதத்தில் எழுதாதீர்கள். கைப்பேசியில் தட்டச்சு செய்தால் அச்சிட்டு முகாமுக்கு விரைவாகச் சேர்க்கும் ‘சாண்ட்பாக்ஸ்’ செயலியைப் பயன்படுத்தலாம். விமானச் சீட்டைப் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் வாங்குங்கள். பட்டமளிப்பை யாரும் முழுப்பெயரில் சொல்வதில்லை, ‘பி.ஐ.ஆர்.’தான். அன்று காலை வாசலில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், குளிருக்கு என்ன போட வேண்டும் என்பதெல்லாம் விவாதிக்கப்படும். தாத்தா இறந்துவிட்டார், பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்டால், நிமிடங்களில் விடை வரும்: செஞ்சிலுவைச் சங்கத்தைக் கூப்பிடுங்கள், அவர்கள் மருத்துவமனையில் விசாரித்து உறுதிசெய்து முகாம் தலைமைக்குச் செய்தி அனுப்புவார்கள். நாள் முழுக்கத் திறந்திருக்கும் வழி அது. பதறிப்போன மனிதருக்கு இந்த ஒரு வரி, நூறு ஆறுதல் வார்த்தைகளுக்கு மேல்.

பிறகு அட்டவணை. இந்த வாரம் நீச்சல் தேர்வு: பத்தடி மேடையிலிருந்து குதித்து, ஐம்பது கஜம் நீந்தி, ஐந்து நிமிடம் மிதக்க வேண்டும். அடுத்து கண்ணீர்ப்புகை அறை, துப்பாக்கி, தீயணைப்பு. கடைசியில் ‘பேட்டில் ஸ்டேஷன்ஸ்’. 2007-இல் திறக்கப்பட்ட, 210 அடி நீளமுள்ள ‘டிரேயர்’ என்ற மாதிரிப் போர்க்கப்பல் ஒரு கட்டடத்துக்குள் நீரில் நிற்கிறது. அதில் இரவு முழுவதும் சுமார் பன்னிரண்டு மணி நேரம் வெள்ளம், தீ, காயம்பட்டோரை மீட்பது என்று சோதனை. 2000-இல் ஏடன் துறைமுகத்தில் தாக்கப்பட்ட ‘கோல்’ கப்பல் போன்ற உண்மை நிகழ்வுகளின் பாடங்கள் அதில் கலந்திருக்கின்றன. விடிந்ததும் தலையிலிருந்த ‘ரெக்ரூட்’ தொப்பி போய் ‘நேவி’ தொப்பி ஏறும். அந்த இரவில் உறங்காமல் குழுவில் எழுதிக்கொண்டிருக்கும் தாய்மார்கள் உண்டு. காலையில் வரும் ஓர் அழைப்புக்காகக் குளியலறைக்கும் கைப்பேசியைக் கொண்டு போவார்கள். ‘நான் மாலுமி ஆகிவிட்டேன்’ என்று சொல்லும் அழைப்பு. யாருக்கு முதலில் வந்தது என்பது அடுத்த நிமிடமே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் ‘பலவீனமான பிணைப்புகளின் வலிமை’ பற்றி எழுதியபோது வேலை தேடுபவர்களை மனத்தில் வைத்திருந்தார்: நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும், புதிய செய்தி தூரத்து அறிமுகத்திடமிருந்துதான் வரும். முகம் பார்த்திராத ஒரு தாயின் மகன் எழுதிய கடிதம் ஒருநாள் முன்னால் கிடைத்து, அதில் டிவிஷனில் பாதிப் பேருக்குச் சளி என்றிருந்தால், எண்பது வீட்டுக்கு அது செய்தி. கிரானவெட்டர் சொல்லாத ஒன்றும் இங்கே நடக்கிறது. தன் பிள்ளை பட்டம் பெற்றுப் போன பிறகும் சில தாய்மார்கள் குழுவை விட்டுப் போவதில்லை. அடுத்த வாரம் வரும் புதியவர்களுக்கு அதே கேள்விகளுக்கு அதே விடைகளைச் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சம்பளம் இல்லை, பதவி இல்லை. கடற்படை செய்ய வேண்டிய வேலையில் கணிசமான பங்கை இவர்கள் இலவசமாகச் செய்து தருகிறார்கள். தந்தையர் வாசிப்பார்கள், அதிகம் எழுதமாட்டார்கள்; இந்த உழைப்பும் பெண்கள் தலையில்தான்.

மறுபக்கம். பிறரோடு ஒப்பிட்டே தன்னை அளப்பது மனித இயல்பு என்று லியான் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே வாதிட்டார். அவளுக்கு மூன்று கடிதம், எனக்கு ஒன்றுகூட இல்லை என்ற கணக்கு குழுவில் சேராதவளுக்கு வந்திருக்காது. உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002-இல் வளரிளம் பருவத்தினரிடம் செய்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: கவலையைச் சேர்ந்து சேர்ந்து பேசுவது நட்பை நெருக்கமாக்குகிறது, அதே பேச்சு மனச்சோர்வோடும் கைகோத்து வருகிறது. பெற்றோருக்கு அதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஆனாலும் நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒருவர் அச்சத்தை இன்னொருவர் ஊதிப் பெருக்குவதைக் கண்டவர்கள் இதை எளிதில் மறுக்கமாட்டார்கள்.

வதந்தி அதைவிடப் பழைய நோய். அயோவா மாநிலத்து வாட்டர்லூவைச் சேர்ந்த சல்லிவன் சகோதரர்கள் ஐவரும் ‘ஜூனோ’ என்ற ஒரே கப்பலில் பணிபுரிந்தார்கள். 1942 நவம்பர் 13 அன்று குவாடல்கனால் அருகே அது மூழ்கியது. வாரங்கள் கடந்தும் வீட்டுக்குத் தகவல் இல்லை. 1943 ஜனவரியில் தாய் அலீட்டா கடற்படை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்: பிள்ளைகள் இறந்துவிட்டதாக இன்னொரு தாய்க்கு அவள் மகன் எழுதியிருக்கிறானாம், ஊரெங்கும் இதே பேச்சு, உண்மைதானா என்று. சில நாளில் அதிகாரிகள் வாசலில் வந்து நின்றார்கள். ஊர் பேசியது உண்மை. அரசு பேசாத இடத்தில் ஒரு தாய் இன்னொரு தாய்க்குச் செய்தி சொல்வது இணையத்துக்கு முன்பே இருந்தது. அந்தச் செய்தி சில நேரம் சரியாகவும் இருந்துவிடும், அதுதான் சிக்கல். ஒருமுறை சரியானால் அடுத்த நூறு பொய்களுக்கும் உயிர் வந்துவிடும். 2019-இல் பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் உடற்தகுதித் தேர்வையொட்டி இரண்டு இளம்பெண்கள் கிரேட் லேக்ஸில் இறந்தார்கள். அப்படி ஒரு செய்தி பெயரின்றி வெளிவரும் மணி நேரங்களில், முகாமில் மகள் இருக்கும் ஒவ்வொரு வீடும் அது நம் பெண்ணோ என்று துடிக்கும். அப்போது எந்தக் குழுவாலும் எதுவும் செய்ய இயலாது.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஈராக்கில் கணவர் காயம்பட்டு ஜெர்மனிக்குக் கொண்டு போகப்பட்டிருக்கிறார், சமூகப் பாதுகாப்பு எண்ணைச் சொல்லுங்கள் என்று மனைவியரை அழைத்த கும்பல்களைப் பற்றிச் செஞ்சிலுவைச் சங்கம் 2007-இல் எச்சரித்தது. பெருமையோடு பெற்றோர் இடும் சீருடைப் படங்கள் காதல் மோசடிக்காரர்களுக்கு மூலப்பொருளாகின்றன. பெரும்பாலான குழு நிர்வாகிகள் இதில் விழிப்பாகவே இருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. நீச்சல் வரவில்லை, காலில் எலும்பு விரிசல், தேர்வில் தோல்வி என்று ஒரு பிள்ளை பின்னால் தொடங்கிய இன்னொரு டிவிஷனுக்கு மாற்றப்படுவது அன்றாடம் நடப்பது. ‘ஆஸ்மோ’ என்பார்கள். விடுதி அறை முன்பதிவாகிவிட்டது, பாட்டிக்கும் விமானச் சீட்டு எடுத்தாயிற்று. பட்டமளிப்பு தள்ளிப்போனது கடைசி நேரத்தில் தெரிகிறது. அந்தப் பிள்ளையின் தாய் குழுவிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு இன்னொரு தேதிக் குழுவில் நடப்படுகிறாள். அதற்கும் மேலே, பயிற்சி முடிக்காமல் வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள். உடல்நிலை, மனநிலை, மறைத்த பழைய நோய், எத்தனையோ காரணம். அவர்களுடைய பெற்றோர் குழுவில் விடைபெற்றுக்கொள்வதில்லை. ஒருநாள் எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள். நேற்றுவரை பெயர் சொல்லி விசாரித்தவர்கள் வெட்கத்துக்குப் பயந்தோ, துரதிர்ஷ்டம் தொற்றிவிடும் என்றோ கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். வெற்றியை நோக்கி ஓடும் அட்டவணையின் மேல் கட்டிய உறவு இது. அட்டவணையிலிருந்து விழுந்தவருக்கு இதில் நாற்காலி கிடையாது. போலின் பாஸின் கருத்து இந்த இடத்தில்தான் பொருந்தும் போலிருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனா வந்து பட்டமளிப்பு விழாவுக்கு விருந்தினர் வரக்கூடாது என்றானபோது, எல்லாப் பெற்றோரும் ஒரே நேரத்தில் அட்டவணையிலிருந்து விழுந்தார்கள். பயிற்சிக்கு முன் தனிமைப்படுத்தல் வேறு சேர்ந்தது. விழாவைக் கடற்படை இணையத்தில் நேரலையாகக் காட்டியது. குடும்பங்கள் தத்தம் வரவேற்பறைத் திரையில் ஒரே மாதிரித் தொப்பிகளின் வரிசையில் தம் பிள்ளையைத் தேடின. அந்த ஆண்டு நிறுவனமும் பெற்றோரை நோக்கித் திரும்பிப் பேச நேர்ந்தது. பேச முடியும் என்பதும் அப்போது தெரிந்தது.

பயிற்சிக் காலத்தை 2022-இல் எட்டு வாரத்திலிருந்து பத்தாக நீட்டினார்கள், 2025-இல் ஒன்பதாகக் குறைத்தார்கள். வாரம் கூடினாலும் குறைந்தாலும் பெற்றோர் அதற்குப் புதிய அட்டவணை போட்டுக்கொள்வார்கள்; அந்த வேலையை அவர்களைவிட நன்றாக யாரும் செய்யப்போவதில்லை, கடற்படை அதில் தலையிடாமல் இருப்பதே நல்லது. அட்டவணை முறியும் தருணங்கள் மட்டும் நிறுவனத்தின் பொறுப்பு. டிவிஷன் மாற்றம், மருத்துவமனையில் சேர்ப்பு, பயிற்சியிலிருந்து நீக்கம் ஆகிய மூன்றிலும் வீட்டுக்கு ஓர் அழைப்பை முகாமே செய்ய வேண்டும். அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்வது என்று பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கத்தான் செய்கிறார்கள். இந்த மூன்றையும் அவர்களிடம் சொல்லலாமா என்று அப்போதே கேட்டுச் சம்மதம் வாங்கினால் தனியுரிமைச் சட்டம் குறுக்கே வராது. படிவத்தில் கூடுதலாக ஒரு கட்டம் போட்டால் போதும்.